பால் காய்ச்சியவர்கள்

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றை ஆண்ட அரசர் மாலை வேளையில் மாடத்தில் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைக்கு அப்பால் புதிய குடிசைகளிலிருந்து புகை எழுந்தது.

"அவர்கள் யார்?"

"அக்கரையிலிருந்து வந்தவர்கள், அரசே," என்றார் கருவூலத் தலைவர் அனந்தநம்பி. "இங்கே குடிசை. அங்கே தோப்பும் துரவும்."

அந்தப் பேச்சு அரசருக்கு இனித்தது. மறுநாள் முரசு அறைந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இம்மண்ணில் பால் காய்ச்சிக் குடியேறிய எவரும், தமக்கு எங்கே என்ன சொத்து இருந்தாலும் அதில் ஆறில் ஒரு பங்கு வரி கட்ட வேண்டும். கட்டாதவரிடம் குடியுரிமை ஓலையும் இல்லையென்றால், அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பப்படுவார்.

அரசவை விகடன் ஓயாமாரியும் அந்த முரசைக் கேட்டான். வரி விஷயம், நமக்கென்ன என்று நடந்துவிட்டான். அரசரைச் சிரிக்க வைப்பது போக, பேசத் தெரியாத புதியவர்களுக்காக அவையில் பரிந்து பேசுவதும் அவன் வழக்கம். அவன் பேசினால் ஓலை கிடைத்துவிடும். அனந்தநம்பிக்கு அவன்மேல் இருந்த எரிச்சலுக்கு அதுவே போதுமான காரணம்.

அந்த வாரம் அவன் காத்தாயியை அழைத்து வந்தான். கருவாடு விற்பவள். அவள் உள்ளே வந்ததும் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"அரசே, இவள் வந்துபோகிறவள் அல்லள். இங்கே பால் காய்ச்சியவள். இனி இதுவே இவள் ஊர். ஓலை தந்தருள வேண்டும்," என்றான் ஓயாமாரி.

அனந்தநம்பி கனிவாகக் கேட்டார். "பால் காய்ச்சினாயா, அம்மா?"

"ஆமாங்கய்யா. ஆட்டுப்பால்தான் கெடச்சுது."

"அக்கரையில் ஏதேனும் உண்டா?"

"அப்பன் வச்ச தென்னந்தோப்புல பங்கு இருக்கு. அண்ணம்மாருங்க பாக்குறாங்க. அந்த ஊரு ராசாவுக்கு அங்கயே வரி கட்டிடறாங்க."

"அது அவருக்கு. நமக்கு?"

காத்தாயிக்குப் புரியவில்லை. ஓயாமாரிக்குப் புரிந்துவிட்டது. பால் காய்ச்சியவள் என்று அவளைச் சொல்லச் சொன்னவன் அவன்தான். ஓலைக்காக அவன் அடுக்கிய ஒவ்வொரு சொல்லும் வரிக்காரருக்குச் சாட்சியாகிவிட்டது. வரியைக் கட்ட அவளிடம் ஒன்றுமில்லை. வரி என்று வந்தால் அவள் இந்த நாட்டவள், ஓலை என்று வந்தால் வேற்றாள்.

"திரும்பிப் போனா, எம்புருசனக் கொன்னவனுங்க என்னையும் விட மாட்டானுங்க," என்று அவள் அவனிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "நீங்க சொல்லச் சொன்னீங்க. சொன்னேன்." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

ஓயாமாரி இப்படி மாட்டிக்கொள்வதைத்தான் அனந்தநம்பி எதிர்பார்த்திருந்தார். "அரசே, இந்த வரியைத் தண்டும் வேலையை ஓயாமாரியிடமே கொடுக்கலாம். கப்பல் கிளம்புவதற்குள் முடிக்காவிட்டால் அதே கப்பலில் அவனுக்கும் ஓர் இடம் போடலாம்."

அரசருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "அப்படியே ஆகட்டும். ஒருவரையும் விடாதே. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காதே."

"ஒருவரையும் விடாமலா, அரசே?"

"ஒருவரையும்."

ஓயாமாரி அவையைவிட்டு இறங்கி, துறைப் பக்கம் திரும்பாமல், முரசறைபவனோடு அந்தப்புர வாசலில் போய் நின்றான். முரசறைபவன் கோலைக் கீழே போட்டுவிட்டான். தோழிப் பெண்கள் திகைத்து வாயைப் பொத்தினார்கள்.

அரசி செண்பகாதேவி வெளியே வந்தாள்.

"தேவி, தாங்கள் பிறந்த நாடு?"

"மலைநாடு. உனக்குத் தெரியாததா?"

"மணமாகி வந்த அன்று இங்கே பால் காய்ச்சினீர்களா?"

"காய்ச்சினேன். பொங்கி வழிந்து கையைச் சுட்டது."

"பிறந்தகத்தில் சொத்து?"

"அப்பா சீதனமாகத் தந்த இரண்டு ஊர்கள்."

"ஆறில் ஒரு பங்கு கட்டுவீர்களா?"

"எதற்குக் கட்ட வேண்டும்? அது என் தாய் நடந்த மண்."

"அப்படியானால் குடியுரிமை ஓலையைக் காட்டுங்கள்."

அரசி சிரிக்கத் தொடங்கி, நிறுத்திவிட்டாள். பட்டத்து இளவரசனைப் பெற்றுக் கொடுத்திருக்கிறாள். பஞ்ச காலத்தில் தன் நகைகளைக் கொடுத்திருக்கிறாள். ஓலை? யாரும் கொடுக்கவில்லை. கேட்க அவளுக்கும் தோன்றவில்லை. விளையாட்டாக வந்த ஓயாமாரி அவள் முகம் மாறுவதைப் பார்த்து, கேட்டிருக்கக் கூடாதோ என்று கலங்கினான்.

"என் பயணப் பெட்டியைக் கொண்டு வா," என்றாள் அரசி தோழியிடம். பெட்டி உடனே வந்தது.

அரசி பெட்டியோடு அவைக்குள் நுழைந்தாள். காத்தாயி ஒதுங்கி இடம் கொடுத்தாள். அரசி அவள் அருகில் போய் நின்றாள்.

"என்ன இது?" அரசர் எழுந்துவிட்டார்.

"வரி கட்டாத முதல் ஆள், அரசே," என்றான் ஓயாமாரி. "ஓலையும் இல்லை. கப்பல் துறையில் நிற்கிறது."

"அறிவிழந்தாயா? இவள் என் மனைவி. இந்த நாட்டவள்."

"நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆணையில் அப்படி இல்லையே. கருவூலத் தலைவரைக் கேளுங்கள். அவர்தானே எழுதினார்?"

அனந்தநம்பியின் முகம் வெளுத்தது. "அது... அரசிக்கு என்று... அதாவது..."

"அதாவது?" என்றார் அரசர்.

அனந்தநம்பி தவித்த தவிப்பைப் பார்த்து அரசருக்குச் சிரிப்பு வந்தது. சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவையும் சிரித்தது. அங்கேயே ஆணை மாறியது. அக்கரைச் சொத்து அக்கரையோடு. இங்கே சம்பாதிப்பதற்கு மட்டும் வரி. பால் காய்ச்சியவருக்கு ஓலை உண்டு. காத்தாயியின் ஓலையைத் தம் கையாலேயே எழுதினார். ஓயாமாரிக்கு முத்துமாலை கொடுத்து, "வேறென்ன வேண்டும்?" என்றார்.

"நான் யாருக்காகவாவது வாயைத் திறக்கும் முன், அதற்கு என்ன வரி என்று கருவூலத் தலைவர் எனக்குச் சொல்லித் தர வேண்டும்."

அரசர் மறுபடியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அரசியிடம், "இவ்வளவு விரைவில் பெட்டியை எப்படிக் கட்டினாய்?" என்றார்.

"இன்று கட்டவில்லை. வந்த நாளிலிருந்து அவிழ்க்கவேயில்லை."

அரசரின் சிரிப்பு பாதியில் நின்றது. காத்தாயியின் ஓலைக்கு மை தடவுவதற்கு முன்பே, இன்னொரு வெற்றோலையை எடுத்துவைத்து, எழுத்தாணியை மறுபடியும் கையில் எடுத்தார்.