செம்பவளத்தின் படகில் ஏறிய கரடி

முன்னொரு காலத்தில், ஆமைகள் வாய் திறந்து பேசினாலும் யாரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத ஒரு நல்ல காலத்தில், கோவளை நாடு என்று ஒரு நாடு இருந்தது. நாட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓர் ஆறு ஓடியது. பாலம் கட்டலாம் என்று எந்த ராஜாவுக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? துறையில்தான் செம்பவளம் இருந்தாளே!

செம்பவளம் படகுக்காரி. அவள் துடுப்புப் போட்டால் ஆறு வழிவிடும் என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. இந்தக் கரையில் சண்டை போட்டுக்கொண்டே ஏறிய புருஷன் பெண்டாட்டி அந்தக் கரையில் சிரித்துக்கொண்டு இறங்குவார்கள். அப்படி ஒரு வாய் அவளுக்கு. வாயை மூடினால் பாட்டு, திறந்தால் கேலி. அவள் கணவன் சங்கிலி துறையில் உட்கார்ந்து வலை பின்னுவான். பாட்டுச் சத்தம் தேய்ந்தால் படகு போகிறது, வளர்ந்தால் வருகிறது. நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. அதெல்லாம் எப்பேர்ப்பட்ட நாட்கள்! சொல்லும்போதே எனக்கு அந்தத் துறைக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம் போலிருக்கிறது.

ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில் செம்பவளம் படகை அவிழ்க்கப் போனாள். படகில் ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறக் கரடி. உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. எழுந்து வந்தது, அவள் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

முதல் நாள் ஒரு மூட்டை நெல் கனம். இரண்டாம் நாள் மூன்று மூட்டை. மூன்றாம் நாள் ஏழு மூட்டை. சோறு வாயில் மரத்தூளாய் இருந்தது. தலை வாருவது மலை ஏறுவதாய் இருந்தது. பாட்டு எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. துறையில் சங்கிலி முதன்முறையாக வலையிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"என்ன புள்ள ஆச்சு?"

"நெஞ்சு மேல கரடி உக்காந்திருக்குங்க."

சங்கிலி பார்த்தான். ஊரும் பார்த்தது. யார் கண்ணுக்கும் கரடி தெரியவில்லை. "நல்லாத்தான் கரடி விடுறா" என்று சிரித்துவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போயிற்று. ஆனால் துறையில் கூட்டம் சேர்ந்து, படகு வராமல் சந்தைக்காரர்கள் தவித்தபோது ஊருக்கே கவலை வந்துவிட்டது.

முதலில் வந்தவள் நாத்தனார் பேச்சி. கெட்டவள் இல்லை, அவசரக்காரி. "யாருக்குத்தான் இல்ல கஷ்டம்? எந்திரிச்சு நாலு வேலையப் பாரு அண்ணி, எல்லாம் சரியாப் போயிரும்" என்றாள். செம்பவளம் எழுந்து நாலு வேலை பார்த்தாள். கரடி அசையவில்லை.

அடுத்தது, பேச்சியே ஒரு தாயத்தும் ஒரு சிவப்புச் சேலையும் கொண்டுவந்தாள். தாயத்தைக் கட்டினார்கள், சேலையை உடுத்தினார்கள். கரடி அசையவில்லை.

மூன்றாவதாக ஒரு மந்திரவாதி வந்தார். நெற்றி நிறையக் குங்குமம், கையில் வேப்பங்குழை. "போறியா மாட்டியா?" என்று செம்பவளத்தின் வலப்பக்கத்தில் இருந்த காற்றை அடி அடியென்று அடித்தார். பாவம், கரடி இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஒரு கொட்டாவி விட்டது. அசையவில்லை.

அன்று மத்தியானம்தான் கரடி முதன்முதலாகப் பேசியது. மெதுவாக, அன்பாகக்கூடப் பேசியது. "நடு ஆத்துல இறங்கிடு. அப்புறம் கனமே இருக்காது."

செம்பவளம் பயந்துபோனாள். கரடிக்காக இல்லை, அந்தப் பேச்சு அவளுக்கு நியாயமாகப் பட்டதே, அதற்காக. நேரே சங்கிலியிடம் போய் அப்படியே சொன்னாள். சங்கிலிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவனுக்கு வலைதான் தெரியும். ஆனால் அன்றைக்கு அவன் கேட்டதைப்போல ஒரு கேள்வியை அந்த நாட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"இப்பவும் சொல்லுதா?"

"ஆமாங்க."

"அப்ப எந்திரி. போவோம்."

வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அரை நாள் நடையில் இருந்த குன்றுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பாதி வழி கையைப் பிடித்துக்கொண்டு, மீதி வழி முதுகில் சுமந்துகொண்டு.

குன்றில் மருதாயி என்றொரு வைத்தியச்சி இருந்தாள். அவள் நாடி பிடித்தாள், நாக்கைப் பார்த்தாள், பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "எத்தன மூட்டை கனம்?"

செம்பவளம் கோவென்று அழுதுவிட்டாள். "உங்க கண்ணுக்குத் தெரியுதாம்மா?"

"எனக்குத் தெரியல தாயி. நீ சொல்றியே, அது போதாதா? இது உன் தப்பு இல்ல. யாரோட சாபமும் இல்ல. இது ஒரு நோவு. நோவுக்கு மருந்து உண்டு."

ஒரு சிமிழ் நிறைய மாத்திரைகளைக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் விடிகாலை வானத்தின் வெளிறிய நிறத்தில் இருந்தது. "தினம் காலையில ஒண்ணு. முதல் பத்து நாளு ஒண்ணும் நடக்காது. வாய் வறளும், வயித்தப் பொரட்டும், என்னையத் திட்டுவே. திட்டிக்கிட்டே முழுங்கு. அப்புறம், பின்னாடி கெணத்துல ஒரு ஆமை இருக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து அதுகிட்டப் பேசு. மருந்து கரடியோட கனத்தக் கொறைக்கும். கரடிய என்ன பண்றதுங்கிறத நீ பேசிப் பேசித்தான் கண்டுபிடிக்கணும்."

ஆமைக்கு வயது முந்நூறு இருக்கும், ஆனால் அறிவுரை ஒன்றுகூட அதனிடம் இல்லை. செம்பவளம் எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்றது. இன்னும் சொன்னால் இன்னொரு "அப்புறம்?" எரிச்சலோடு அவள், "நான் எதுக்கும் லாயக்கில்லாதவ" என்றபோது மட்டும் தலையை நன்றாக வெளியே நீட்டிக் கேட்டது:

"அது நீ சொன்னதா, கரடி சொன்னதா?"

செம்பவளம் வீடு போகும்வரை யோசித்துக்கொண்டே போனாள்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. வாய் வறண்டது, வயிற்றைப் புரட்டியது, மருதாயியைத் திட்டினாள், திட்டிக்கொண்டே விழுங்கினாள். இருபதாம் நாள் சோற்றில் உப்பு தெரிந்தது. முப்பதாம் நாள் படகை எடுத்தாள். முப்பத்தாறாம் நாள் ஒரு பயணியின் கோழி கூடையிலிருந்து பறந்து பூசாரியின் தலையில் போய் உட்கார, செம்பவளம் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பேச்சிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு: அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது. அதன்பிறகு பத்தியமும் இல்லை, மருந்தும் இல்லை. பேச்சி நல்ல நாள் பார்த்தாள், ஊரைக் கூட்டினாள், மூன்று குடம் தண்ணீரை அண்ணியின் தலையில் ஊற்றினாள். சொந்தக்காரர்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு. மிச்சமிருந்த மாத்திரைகளைச் சிமிழோடு ஆற்றில் வீசினாள். அந்த வாரம் முழுக்கத் துறை மீன்கள் அப்படித் துள்ளின என்று கேள்வி.

செம்பவளமும் தடுக்கவில்லை. முடிந்துவிட்டது என்று நினைக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் ஆளில்லாத படகை அக்கரையிலிருந்து ஓட்டி வந்துகொண்டிருந்தாள். நடு ஆற்றில் படகு கனத்தது. திரும்பிப் பார்த்தாள். படகின் பாதியை அடைத்துக்கொண்டு கரடி உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா, எல்லாம் வீணாப் போச்சு" என்றது. "நீ இப்படித்தான். எல்லாருக்கும் பாரம். இறங்கிடு."

செம்பவளம் எழுந்து நின்றாள். தண்ணீர் பளபளவென்று ஓடியது. துடுப்பு கையிலிருந்து நழுவப் போனது. பாரம், பாரம், பாரம். யார் சொல்வது இதை? சங்கிலி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லையே. அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்: "இது நான் சொல்றதா, கரடி சொல்றதா?"

துடுப்பைக் கெட்டியாகப் பிடித்தாள். தன் பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினாள்: "ஏங்க! பயமா இருக்குங்க! வாங்க!"

துறையில் வலை ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம் பறந்தது. சங்கிலி அன்றைக்கு நீந்திய நீச்சலை மீன்கள்கூட நின்று பார்த்திருக்கும். படகில் ஏறியவன் ஈரக் கையோடு அவளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மூன்று பேராகக் குன்றுக்குப் போனார்கள். பேச்சி தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். "எல்லாம் என்னாலதான். நான்தான் மருந்தைத் தூக்கிப் போட்டேன்!"

மருதாயி கோபப்படவில்லை. "அம்மைக்குத்தான் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்க பேச்சி. இதுக்குக் கெடையாது. எப்ப நிறுத்தலாம்னு நான் சொல்றேன். அப்பவும் ஒரேயடியா நிறுத்தப்படாது, கொஞ்சங் கொஞ்சமாத்தான்." புதுச் சிமிழைப் பேச்சியின் கையிலேயே கொடுத்தாள். அன்றுமுதல் தினமும் விடிந்தால், ஒரு கையில் செம்பும் ஒரு கையில் மாத்திரையுமாகப் பேச்சி வாசலில் நிற்பாள். "அண்ணி, வாயத் தொற." ராஜாவின் காவலாளிகூட அவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வந்ததில்லை.

கனம் மறுபடி மெல்லக் குறைந்தது. ஆனால் செம்பவளத்தின் மனசில் ஓர் ஏக்கம் மட்டும் குறையவில்லை. வெள்ளிக்கிழமை கிணற்றடியில் அதைச் சொல்லிவிட்டாள்.

"எனக்குப் பழைய செம்பவளம் வேணும்."

"அவ எப்படி இருந்தா? சொல்லு" என்றது ஆமை.

சொன்னாள். பொழுது சாயச் சாயச் சொன்னாள். வெள்ளம் வந்த வருஷம் ஒரு கல்யாணக் கோஷ்டி முழுவதையும் மாலை கசங்காமல் கரை சேர்த்தது. சங்கிலி தன்னைப் பார்க்கவே ஒரே நாளில் ஒன்பது தடவை ஆற்றைக் கடந்தது. மாம்பழக் காலத்தில் படகெல்லாம் வாசம். அம்மா கரையில் நின்று "மெதுவா போடி" என்று கத்துவது. சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் அம்மா போயிட்டாங்க." கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காரியம் முடிஞ்ச மறுநாளே படகு எடுத்தேன். சனங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. பாடிக்கிட்டேதான் இருந்தேன். அழறதுக்கு எனக்கு நேரமே கெடைக்கல."

ஆமை "அப்புறம்?" என்று கேட்கவில்லை. கிணற்று விளிம்பில் உட்கார்ந்திருந்த கரடி காதுகளைத் தாழ்த்திக்கொண்டது. இத்தனை மாதத்தில் முதன்முறையாகச் செம்பவளம் திரும்பி அதன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். பார்த்தால், அந்தக் கண்களில் பயம்!

"நீ எப்ப வந்தே?" என்று கேட்டாள்.

"உங்கம்மா போன வருஷமே வந்துட்டேன்" என்றது கரடி. "நீ பாடிக்கிட்டு இருந்தே. நீ திரும்பிப் பாப்பேன்னு துறையிலேயே உக்காந்திருந்தேன். காத்துக் காத்து ரொம்பக் கனத்துப் போயிட்டேன்."

செம்பவளம் அழுதாள். அம்மாவுக்காக அழுதாள், தனக்காக அழுதாள், கொஞ்சம் கரடிக்காகவும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சரி. இருந்துட்டுப் போ. ஆனா துடுப்பு எங்கையிலதான் இருக்கும்."

கரடியின் பிடி அங்கேதான் தளர்ந்தது. கரடி புகையாய் மறைந்தது என்று சொல்வேன் என்று காத்திருக்கிறீர்கள். சொல்லமாட்டேன்; அப்படி நடக்கவில்லை. மலைபோல் இருந்தது கன்றுக்குட்டி அளவானது. கன்றுக்குட்டி அளவு நாய்க்குட்டி அளவானது. நாய்க்குட்டி அளவில் அவள் பின்னால் நடந்து வீட்டுக்கு வந்தது.

அடுத்த ஐப்பசியில் அது மறுபடி கொஞ்சம் வளர்ந்தது. செம்பவளம் பதறவில்லை. மருதாயியைப் போய்ப் பார்த்தாள், ஆமையிடம் பேசினாள், கரடியைப் படகின் நடுவில் உட்கார வைத்தாள். ஓரத்தில் உட்கார்ந்தால்தானே படகு சாயும்? பழைய செம்பவளம் அப்படியே திரும்பி வரவில்லை. சில சாயங்காலங்களில் அவளைப் பார்க்க வேண்டும்போல் இவளுக்கு இருக்கும், எனக்கும்தான். ஆனால் இந்தச் செம்பவளம் பாடிய பாட்டில் முன்பு இல்லாத ஒரு நிதானம் இருந்தது என்று சங்கிலி சொல்வான். அவன் பாட்டு விஷயத்தில் பொய் சொல்லமாட்டான்.

அவளுக்கு ஒரு வரமும் கிடைத்தது. தன் கரடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்தவர் கரடியும் தெரியத் தொடங்கியது.

ஒரு நாள் ராஜாவின் தளபதி துறைக்கு வந்தார். முறுக்கிய மீசை, இடுப்பில் வாள், ஆறடி உயரம். ஏழு போரில் வென்றவர். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவர் பின்னால், யானைக்குட்டி அளவில், சாம்பல் நிறத்தில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒன்று வந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. தளபதி படகில் காலை வைத்தார்.

செம்பவளம் துடுப்பை ஊன்றிப் படகை நிறுத்திக்கொண்டாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்:

"ஐயா, பாத்து ஏறுங்க. உங்க கரடிய நடுவுல உக்கார வைங்க. இடமிருக்கு."

தளபதி அவளைப் பார்த்தார். ஏழு போரில் வாளை விடாத கையை வாள்பிடியிலிருந்து எடுத்தார். நடுவில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார். நடு ஆறு வருவதற்குள் மீசை நனைந்துவிட்டது. செம்பவளம் பார்க்காததுபோல், வழக்கத்தைவிட மெதுவாகத் துடுப்புப் போட்டாள்.

அப்படியாக அவர்கள் நலமாக வாழ்ந்தார்கள். நலமில்லாத நாட்களில் குன்றுக்குப் போய் வந்தார்கள். கேட்டவர்களே, நீங்களும் அப்படியே இருங்கள்.