நிற்காத தேங்காய்

கோவில்பட்டியில் தேங்காய் பர்பி என்றால் சங்கரபாண்டிதான். அவர் போட்ட பர்பி கை தவறிக் கீழே விழுந்தாலும் ஓரம் சிதறாது. அப்பேர்ப்பட்டவர் அறுபது வயதில் கேக் பழக வேண்டுமென்று, தன் மகள் வயதுள்ள பெனிட்டாவின் பேக்கரியில் வந்து நின்றார்.

"உள்ள தேங்காய், மேல சாக்லேட். உறையில நீளமா ஒரு மிட்டாய் விக்குமே, அதே ருசியில கேக் வேணும் டீச்சரம்மா. என் மக தமயந்திக்குப் பிறந்தநாள் வருது. சின்ன வயசுல அவளுக்கு அதுன்னா உயிரு."

"பண்ணிடலாம் அண்ணாச்சி. பிறந்தநாளைக்கு ஊருக்கு வாராங்களா?"

"இல்லம்மா. நான்தான் மதுரைக்குக் கொண்டு போறேன்."

அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை. புருஷன் கை நீட்டுகிறான், வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று மகள் போனில் அழுதிருக்கிறாள். "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும், நீதான் உறுதியா நிக்கணும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கேக்கைக் கொடுத்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறார்.

பெனிட்டா அடுப்பைக் காட்டினாள்.

சங்கரபாண்டி தேங்காயைப் பழக்கதோஷத்தில் பர்பிப் பதத்துக்குக் கிண்டிவிட்டார். அதைக் கேக் மேல் பரப்பிக் கத்தி வைத்து அமுக்கியதும் அடியிலிருந்த மெத்தென்ற கேக் நசுங்கிப் போனது. மறுபடி செய்தார். மறுபடியும் நசுங்கியது. மனிதர் விடுவதாக இல்லை. மூன்றாவது தேங்காயை உடைத்தார்.

"இவ்வளவு இறுக்கம் எதுக்கு அண்ணாச்சி?"

"பஸ்ல குலுங்கும்லா? தன்னால நிக்க வேண்டாமா?"

பெனிட்டா அலமாரியிலிருந்து அந்த மிட்டாயில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"உள்ள இருக்கது உடையாம, மேல உள்ள சாக்லேட்டை மட்டும் உரிச்சுத் தாங்க."

இதென்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டு சின்னக் கத்தியால் பக்குவமாக உரித்தார். கடைசிப் பக்கம் கழன்றதுதான் தாமதம், தேங்காய் பொலபொலவென்று உள்ளங்கையில் உதிர்ந்துவிட்டது.

அவர் திகைத்துப் போனார்.

"உள்ள ஒரு பிடிப்பும் இல்லையேம்மா! பின்ன எப்படி இவ்வளவு தூரம் லாரியில வந்தும் முழுசா இருந்துச்சு?"

பெனிட்டா மேசையில் கிடந்த சாக்லேட் துண்டுகளை விரலால் ஒதுக்கி அவர் முன் தள்ளினாள்.

"அது எங்க நின்னுச்சு அண்ணாச்சி? இதுல்லா பிடிச்சுக்கிட்டு வந்துச்சு."

சங்கரபாண்டி கையில் கிடந்த தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கென்று எடுத்து வைத்திருந்த அட்டைப்பெட்டியை மெல்ல ஓரமாக நகர்த்தினார். பிறகு, கையைக்கூடக் கழுவாமல், மகளுக்குப் போன் போட்டார்.