சுண்ணாம்பு அடிச்ச பாறை

வையாபுரி கடைசிக் காவிப் பட்டையை இழுத்துட்டு, பாறையை விட்டுப் பின்னால வந்து நின்னு பாத்தாரு. அந்த நேரம் பாத்துதான் பாவாயி சாமி மேல ஏறி வந்தாங்க. பாறையைப் பாத்தாங்க. வெயில் காயுற தரையில அப்படியே உக்காந்துட்டாங்க.

"நல்லா இல்லையா சாமி?"

"நல்லா வெள்ளையா இருக்குண்ணே."

பாவாயி சாமிதான் குரு, வையாபுரி சீடன். ஆனா வயசு இவருக்குத்தான் ரெண்டு மடங்கு. அதனால குரு சீடனை அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க.

எடம், பெரம்பலூர் பக்கம் கைவிட்டுப் போன ஒரு கல்குவாரி. ஒரு காலத்துல அது மலை. அந்த மலைக்கு வெடி வச்சவரே வையாபுரிதான். கல்லு தீந்ததும் குவாரிக்காரங்க போயிட்டாங்க, தூசி மட்டும் இவரு நெஞ்சுக்குள்ள தங்கிருச்சு. சேந்தாப்புல நாலு வார்த்தை பேசினா இருமல் புடிச்சுக்கும். அந்த மூச்சோடதான் பாவாயி சாமிகிட்ட வந்து நின்னாரு.

"இந்தப் பாறை மேல ஒரு மரத்தைப் பாத்துட்டு சாவணும் சாமி. எதை நடட்டும்?"

"ஒண்ணும் நட வேணாம்ணே. சும்மா இருங்க."

"சும்மாவா?"

"அது செரமம். முடியுதான்னு பாருங்க."

இருந்தாரு. வருஷக்கணக்கா இருந்தாரு. மொதல்ல பாறையில கருப்பா, சாம்பலா ஒரு கறை புடிச்சுச்சு. அப்புறம் மழையில கறை மேல பச்சைப் பாசி. பாசி காஞ்சு உதுந்து, வெடிப்புக்குள்ள ஒரு சிட்டிகை மண்ணு சேந்துச்சு. மண்ணுல புல்லு. புல்லு மக்கின எடத்துல தும்பை. தும்பைக்கு நடுவுல கொளுஞ்சிச் செடி. போன ஐப்பசியில பாத்தா, கொளுஞ்சி நெழலுக்கு அடியில, எந்தக் குருவி போட்ட விதையோ, ஆலமர சாதியில ஒரு இச்சிக் கன்னு. நாலே நாலு எலதான். ஆனா மரம்.

அன்னைக்கு வையாபுரி சோறு திங்கல. சந்தோஷத்துல.

நாளைக்கு குருபூசை. பாவாயி சாமியோட குரு அடங்கின எடம் பாறைக்குக் கீழதான் இருக்கு. ஊரு சனம் மொத்தமும் வரும். வர்றவங்க கண்ணுக்கு கன்னு பளிச்சுனு தெரியணுமேன்னு வையாபுரி விடிஞ்சதுமே ஆரம்பிச்சிட்டாரு. புல்லு, தும்பை, கொளுஞ்சி, எல்லாத்தையும் வேரோட பிடுங்கினாரு. கம்பி பிரஷ்ஷால கறையைத் தேச்சு எடுத்தாரு. அப்புறம் கோயில் சொவருக்கு அடிக்கிற மாதிரி வெள்ளை, காவி, வெள்ளை, காவி. நடுவுல கன்னு மட்டும் தனியா நின்னுச்சு.

சுண்ணாம்பு வாளியோட பக்கத்துல நின்னது கொளஞ்சி. அவரும் சீடன்தான், இதே குவாரியில லாரி ஓட்டினவரு. அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"என் பேரு வச்ச செடியைக்கூட விடலயேய்யா. அடுத்து என்னையத்தான் பிடுங்குவ போல."

யாரும் சிரிக்கல.

"களையைத்தானே சாமி எடுத்தேன்," வையாபுரி மெதுவா சொன்னாரு.

"ஆமாண்ணே. பாறை மொகத்துல இருந்த களையை எடுத்துட்டீங்க."

வெயில் ஏற ஏற, சுண்ணாம்பு கண்ணைக் கூசுச்சு. கன்னோட எல ஒண்ணொண்ணா தொங்க ஆரம்பிச்சுது. வையாபுரி பதறிப்போய் சொம்பை எடுத்தாரு.

"கொஞ்சம் தண்ணி காட்டிடுறேன் சாமி."

"இருங்கண்ணே."

"வாடுது சாமி, எப்படி இருக்கச் சொல்றீங்க?"

கொழந்தைக்கு ஊத்துற மாதிரிதான் ஊத்தினாரு. ஆனா தண்ணி நிக்கல. தடுக்க புல்லு இல்ல, உறிஞ்ச பாசி இல்ல. வழவழன்னு ஓடுச்சு. ஓடும்போது வெடிப்புக்குள்ள இருந்த அந்தச் சிட்டிகை மண்ணையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. கன்னு ஒரு பக்கமா சாஞ்சுது. அப்புறம் வழுக்கி, வெள்ளை மேல செவப்பா ஒரு கோடு போட்டுக்கிட்டு, கொளஞ்சி காலடியில வந்து விழுந்துச்சு. வேரு நூலு மாதிரி இருந்துச்சு.

கொளஞ்சி குனிஞ்சு எடுத்தாரு.

வையாபுரி கீழ ஓடிப் போய் ரெண்டு கை நெறைய மண்ணு அள்ளிக்கிட்டு ஏறி வந்தாரு. வெடிப்புல வச்சு அமுக்கினாரு. மூச்சு வாங்குச்சு.

"அது கீழ இருக்குற மண்ணுண்ணே. இங்க நிக்காது."

கையை எடுத்தாரு. உதுந்துச்சு.

கையில ஒட்டின மண்ணைத் தட்டிக்கிட்டே கேட்டாரு.

"மறுபடி எப்ப சாமி?"

"சுண்ணாம்பு போகணும்."

"போனா?"

"கறை வரணும்."

"அப்புறம்?"

"கூடவே இருந்து பாத்தவரு நீங்க. என்னையக் கேக்குறீங்களே."

"எனக்கு அவ்வளவு மூச்சு இல்லயே சாமி."

ஆறுதலா ஏதாவது சொல்லுவாங்கன்னு கொளஞ்சி அவங்க மொகத்தையே பாத்தாரு.

"இல்லதான்ணே," பாவாயி சாமி சொன்னாங்க.

வையாபுரிக்கு இருமல் வந்துச்சு. நிக்கவே இல்ல. நின்னப்ப துண்டால வாயைத் தொடச்சுக்கிட்டு, யாரையும் பாக்காம பேசினாரு.

"மலையை ஒடச்சவனும் நான்தான். இதை அழிச்சவனும் நான்தான். பாக்குறதுக்கு ஒண்ணுமே வரப்போறதில்லன்னு ஆகிப்போச்சு. இனி எதுக்கு சாமி நான் இங்க உக்காந்திருக்கணும்?"

பாவாயி சாமி எந்திரிச்சாங்க. கீழ கெடந்த கம்பி பிரஷ்ஷை எடுத்தாங்க. அதோட பல்லுக்குள்ள, காலையில தேச்செடுத்த கறை கருப்பா, சாம்பலா கொஞ்சம் தூளாச் சிக்கியிருந்துச்சு. விரலால தொட்டு எடுத்து, துன்னூறு வைக்கிற மாதிரி அவரு உள்ளங்கையில வச்சாங்க.

"பாறைக்கு மொதல்ல வந்தது இதுதான். இது எந்த மரத்தைண்ணே பாக்க வந்துச்சு?"

வையாபுரி அந்தத் தூளையே பாத்தாரு. கையை மூடவும் இல்ல, உதறவும் இல்ல.

நீங்களும் எதையாவது, அழகா இருக்கட்டுமேன்னு, இப்படித் தேச்சிருக்கீங்களா?