பத்துக் கடை உப்பு

முன்னொரு காலத்தில் அலைவாய்ச் சீமையை ஒரு ராஜா ஆண்டார். காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மாற்றுகிற ராஜா. அங்கே உப்பு அரண்மனைப் பண்டகசாலையில் மட்டும்தான் கிடைக்கும். ஒருநாள் திடீரென்று, “இனி யார் வேண்டுமானாலும் உப்பு விற்கலாம்” என்று தண்டோரா போட்டுவிட்டார்.

கடைத்தெருவில் பத்து உப்புக்கடை முளைத்தது. விலை மட்டும் இறங்கவில்லை, ஏறியது!

கருவாடு போடுகிற குருவம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரையில் மீன் குவிந்து கிடக்கிறது. வெயில் ஏறுகிறது. உப்பு போடாவிட்டால் பொழுது சாய்வதற்குள் எல்லாம் நாறிவிடும். அரண்மனைக்கே ஓடினாள்.

“மகாராஜா, பத்துக் கடையும் ஒரே ஆளோடதுங்க!”

பண்டகசாலை அதிகாரி மகுடேசர் சிரித்தார். “பத்துக் கடை, பத்துப் பெயர், பத்து வியாபாரி. மீன்காரிக்கு எண்ணத் தெரியவில்லை, மன்னா.”

“எண்ணத் தெரியாதுங்க, கடைக்காரங்களைத் தெரியும். ராஜா என்கூட வந்து பாருங்க.”

“பொய்யானால் நீ இனி இந்தச் சீமையில் கருவாடே போடக்கூடாது” என்றார் ராஜா. ஆனாலும் அவள் தலையாட்டினாள்.

ராஜாவும் மகுடேசரும் முக்காடு போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

முதல் கடையில் குருவம்மாள், “கொசுறு ஒரு பிடி போடுப்பா” என்றாள்.

“கொசுறெல்லாம் கிடையாது.”

“பக்கத்துக் கடையில் போடறானே?”

“அப்ப அங்கேயே போம்மா.”

பக்கத்துக் கடைக்காரனும் கொசுறு போடவில்லை. “எதிர்க்கடை உப்பும் நல்ல உப்புதான். அங்கேயே வாங்கிக்க” என்று கொட்டாவி விட்டான்.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. “வந்த ஆளை அடுத்த கடைக்கு அனுப்புகிறான்! இவனுக்கு வயிறு எரியாதா?”

“எந்தக் கல்லாவில் விழுந்தாலும் ஒரே மடிக்குத்தானே போகுது. எதுக்கு எரியணும்?”

“யார் மடி?”

“உங்க பக்கத்தில் நிக்கிறவர் முக்காட்டை எடுங்க, சாமி.”

ராஜா வெடுக்கென்று இழுத்தார். பத்துக் கடைக்காரர்களும் துள்ளி எழுந்தார்கள். “முதலாளி, வாங்க!”

மகுடேசருக்கு முகம் செத்துப்போனது. “உம் உப்பை நீரே தலையில் சுமந்து, தெருத்தெருவாகக் கூவி விற்கும். கேட்டவர்க்கெல்லாம் கொசுறு போடும்!” என்றார் ராஜா. அதே வேகத்தில் குருவம்மாளிடம் திரும்பினார். “கெட்டிக்காரி! உப்பளம் முழுவதும் இனி உனக்கே. நீ மட்டும்தான் விற்கலாம்!”

அவள் பதறிப்போனாள். “ஐயையோ, நான் மட்டுமா? கேக்கிறவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு உப்புப் பாத்தி கொடுங்க. முதல் பாத்தி என் ஓரகத்திக்கு.”

“அவள்மேல் அவ்வளவு பாசமா?”

“பாசமா? எங்க ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது, மகாராஜா. அவ எதிரே கடை போட்டாத்தான் நான் படி நிறைய அளப்பேன்.”

ராஜா சிரித்து முடிப்பதற்குள் அவள் ஒரு மூட்டை உப்பை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் ஓடியேவிட்டாள்.