கூலியில்லாப் பாடம்

"சாமீ, கத்துக்கிறவன் கூலி கேக்கலாமுங்களா?"

கேட்டவன் மடத்துச் சாமியாரின் சீடன் மாரப்பன். சீடன் என்றதும் இளவட்டம் என்று நினைக்க வேண்டாம். நாற்பதைத் தாண்டியவன். விடிந்ததும் குன்றேறி மடத்துக்கு வருவான். பிறகு சாயப்பட்டறைக்குப் போவான், தொழில் பழக. வருஷம் ஒன்றாகிவிட்டது. பெண்டாட்டி கூலிக்குப் போவதால் வீட்டில் அடுப்பு எரிகிறது.

சாமியார் கண்ணைத் திறக்கவில்லை.

"முதலாளி என்ன சொல்றான்?"

"பயிற்சிக்குக் கூலி கிடையாது, அதுதான் பட்டறைச் சட்டம்ங்கிறாருங்க."

"என்ன கத்துக்கொடுத்தான்?"

மாரப்பன் யோசித்தான்.

"தொட்டியில நூலைத் திருப்பிப் போடச் சொன்னாருங்க. முத நாளு."

"அப்புறம்?"

"அதேதானுங்க."

"உனக்கு முன்னால யாரு திருப்பினது?"

"கூலிக்கு ஒருத்தன் இருந்தானுங்க. நான் போனதும் அவனை அனுப்பிட்டாரு."

இப்போது கண் திறந்தது.

"நாளைக்குப் போகாதே."

"ஐயோ, சீட்டைக் கிழிச்சிருவாருங்க! 'இவனுக்குத் தொழில் தெரியும்'னு அவர் வாயால சொன்னாத்தான் வேற பட்டறையில சேர்ப்பாங்க."

"போகாதேன்னேன்."

மாரப்பன் போகவில்லை. மறுநாள் மடத்து வாசலிலேயே கிடந்தான்.

உச்சி வெயிலில் முதலாளி குழந்தைவேலு குன்றேறி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் ஒரு நூல்கட்டு. பாதி நீலம், பாதி வெளுப்பு.

"எங்கய்யா தொலைஞ்சே? திருப்ப ஆளில்லாமத் தொட்டி முச்சூடும் திட்டுத்திட்டாப் போச்சு! கல்யாணச் சேலைக்கான நூலு. என் பொழப்பே போச்சு!"

"ஒரு நாள் பாடம் போனா படிக்கிறவனுக்குத்தானே நஷ்டம்?" என்றார் சாமியார். "உனக்கென்ன வந்தது?"

குழந்தைவேலு மாரப்பன் பக்கம் திரும்பினார். நூல்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முனகினார்.

"சரி. நாளையிலிருந்து கூலி தர்றேன். வந்து சேரு."

"நாளையிலிருந்து இல்லைங்க," என்றான் மாரப்பன். "முத நாள்ல இருந்து. போனவனையும் திரும்பக் கூப்பிடுங்க. அப்புறம்தான் தொட்டியில கை வைப்பேன்."

குழந்தைவேலு நூலைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். சரியென்று தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சாமியாருக்கு ஏகக் குஷி.

"நல்லாக் கேட்டே! சரி, கிணத்துல தண்ணி இறைச்சு வச்சுட்டுக் கிளம்பு."

மாரப்பன் கயிற்றை எடுத்தான். அப்படியே நின்றான்.

"சாமீ, இதுல நான் என்ன கத்துக்கிறேனுங்க?"

சாமியார் அவனை முறைத்தார்.

பிறகு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கயிற்றுக்குக் கையை நீட்டினார்.