தவளைக்குச் சிக்கெடுக்க வந்த நாவிதர்

குளிர்மலை நாட்டை ஆண்ட வில்லவராயருக்குப் பகைவரால் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் கிரீடத்துக்கு அடியில்தான் இருந்தது. நாற்பது வயதுக்குள் மன்னரின் தலை பளபளவென்று ஆகிவிட்டது. ‘வழுக்கை’ என்ற சொல்லை அரண்மனையில் யாரும் உச்சரிக்கக் கூடாது. சமையல்காரர்கள்கூட, உரித்த தேங்காயைத் துணி போட்டு மூடித்தான் எடுத்துப் போவார்கள்.

இந்த நேரம் பார்த்து அரண்மனை வைத்தியர் ஆதிமூலம் ஒரு சரடு திரித்தார்.

“மகாராஜா, உச்சிமலைச் சதுப்பில் பனித்தவளை என்று ஒன்று உண்டு. அதன் கொழுப்பை எண்ணெயில் காய்ச்சித் தடவினால், ஒரே மாதத்தில் முடி தோளைத் தொடும்!”

“அப்படியானால் ஒன்று விடாமல் பிடித்து வாரும்!” என்று துள்ளினார் மன்னர்.

பனித்தவளை கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். முன்பு மலை முழுக்க இருந்தது. குதிரை மேய்க்கவும் விறகு வெட்டவும் போனவர்கள் ஊற்றுகளை மிதித்துக் கெடுத்ததில், அந்த ஒரு சதுப்பில்தான் மிச்சம் பிழைத்துக் கிடந்தது. அதுவும் போனால் வேறெங்கும் கிடையாது.

மன்னரின் யோசனைக்காரர் நன்னப்பர். அவர் மனைவி மாதி அந்த மலையில் பிறந்தவள். தவளை கத்தினால்தான் அங்கே சாமை விதைப்பார்கள். அது வாயைத் திறக்கும்வரை ஒருவரும் விதையைத் தொடமாட்டார்கள்.

“தவளைங்க எண்ணெய்ச் சட்டியில விழுந்தா எங்க சனம் எதக் கேட்டு விதைக்கும்?” என்று மாதி பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு அதுங்க மலைக்குத் திரும்பிப் போகணும். இல்லன்னா நான் போயிடுவேன்.”

நன்னப்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மன்னரைப் பகைத்துக்கொண்டு பிழைத்துவிடலாம். மாதியைப் பகைத்துக்கொண்டு?

மறுநாள் சபையில் பெரிய சட்டியில் எண்ணெய் ஊற்றி, அடுப்புக்கு விறகு அடுக்கியிருந்தார்கள். பக்கத்துப் பானையில் ஈரப்பாசிக்குள் முதலில் பிடிபட்ட தவளைகள் ஒடுங்கிக் கிடந்தன. நன்னப்பர் உள்ளே வந்தார். பின்னாலேயே சீப்பும் கத்தரிக்கோலும் சீயக்காயுமாக வந்தார் மருதமுத்து. வேலையே இல்லாமல் சம்பளம் வாங்கும் அரண்மனை நாவிதர்!

மன்னரின் முகம் சிவந்தது. “நாவிதருக்கு இங்கே என்ன வேலை?”

“தங்களுக்கு அல்ல, மகாராஜா. தவளைகளுக்கு” என்றார் நன்னப்பர்.

“என்ன உளறுகிறீர்?”

“கொஞ்சம் தடவினாலே முடி தோளைத் தொடும் என்கிறார் வைத்தியர். இவையோ பிறந்த நாள் முதல் அந்தக் கொழுப்பை உடம்பு முழுக்கச் சுமந்துகொண்டு திரிகின்றன. பாவம், சடை விழுந்து சிக்குப் பிடித்துக் கிடக்குமே! அப்படியே சட்டியில் போட்டால் மருந்தெல்லாம் முடியாகிவிடும். முதலில் சிக்கெடுத்து, வெட்டிவிட்டு…”

மருதமுத்து பாசியை விலக்கி, பானைக்குள் எட்டிப் பார்த்தார். சீப்பைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயா, சீப்ப எங்க வெக்கிறது? இதுங்க தலை…”

“தலைக்கு என்ன? சொல்லும்!” என்று அதட்டினார் மன்னர்.

“இதுங்க தலை… மகாராசா தலை மாதிரியே இருக்குதுங்க!”

சபை மூச்சை அடக்கியது. மன்னர் எழுந்து வந்து பானைக்குள் குனிந்தார். உள்ளேயிருந்து ஒரு தவளை பளபளக்கும் தலையைத் தூக்கி அவரையே பார்த்தது. மன்னரின் வயிறு குலுங்கத் தொடங்கியது. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபைக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

“அது… கொழுப்பு உள்ளே இருக்கும்போது வேலை செய்யாது…” என்று மென்று விழுங்கினார் ஆதிமூலம்.

“இந்தப் புளுகரை நாடு கடத்துங்கள்!”

“வேண்டாம், மகாராஜா” என்றார் நன்னப்பர். “இவரைச் சதுப்புக்குக் காவலராக அனுப்புங்கள். குதிரையும் கோடரியும் தவளை பிடிப்பவர்களும் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இவர் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பரிசென்று ஏதாவது கொடுப்பதானால் இதைக் கொடுங்கள்.”

“கொடுத்தேன்!” என்றார் மன்னர். ஈரப்பாசி உலர்வதற்குள் தவளைகளைச் சுமந்துகொண்டு மாதி மலையேறிவிட்டாள்.

ஆதிமூலம் காலில் விழுந்தார். “மகாராஜா, எலும்பை உறைய வைக்கும் குளிரில் நான் எத்தனை காலம் கிடப்பது?”

மன்னர் நன்னப்பரைப் பார்த்தார்.

நன்னப்பர் வைத்தியரைத் தூக்கி நிறுத்தி, அன்போடு தோளில் தட்டிக் கொடுத்தார். “கவலையே படாதீர்கள். ஏதாவது ஒரு தவளைக்கு முடி தோளைத் தொட்டதும் இறங்கி வந்துவிடலாம். உங்கள் வாக்குப்படி ஒரே மாதம்தானே!”