வாகை மரத்தின் கடைசித் துண்டு

இருட்டியதும் அந்தச் சத்தம் கேட்டது. வாசலில் யாரோ நின்று கிலுகிலுப்பையை ஆட்டுவது போல. கொஞ்சம் ஆட்டி, நிறுத்தி, மறுபடி ஆட்டி.

சுகிர்தா குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள்.

முதல் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்து, அவன் கிலுகிலுப்பையையும் அவனோடு புதைத்தவள் அவள். இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரை மடத்துக் குடிசையொன்றுக்கு வந்த பிறகும் தூக்கமில்லை. பால் வற்றிக்கொண்டு வந்தது.

மடத்தை நடத்தும் சாமியாரம்மாவின் குடிசையில் விளக்கு எரிந்தது.

"அம்மா, அவன்தான். தம்பியைக் கூப்பிடுறான்."

"எங்கேயிருந்து?"

"என் வாசல் வாகை மரத்துலருந்து. அதை வெட்டிப்போடுங்க."

சாமியாரம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"வெட்டினா ஒரு சுள்ளிகூட வீணாகக் கூடாது. சம்மதமா?"

சம்மதித்தாள்.

மரம் விழுந்தது. சத்தமும் அதோடு போயிற்று.

தழையை ஆடுகள் தின்றன. பலகைகள் நிழலில் கிடந்து காய்ந்ததும் ஆசாரி வந்து உட்கார்ந்தார். மடத்துக்கு ஓர் உலக்கை, மோர் கடைய மத்து, பூரிக்கட்டை, சாப்பிட உட்கார மணைகள். சீவல் சுருளெல்லாம் அடுப்புக்குப் போனது. மிச்சம் சுகிர்தாவின் குடிசைக்கு வந்தது. தொட்டில் சேலையை விரித்துப் பிடிக்கும் கட்டை, நடைவண்டி. ஓலைத்தட்டி நின்ற இடத்தில் ஒரு கதவு, அதற்குத் தாழ்ப்பாள்.

அவள் கட்டையை மூலையில் சாத்தினாள். நடைவண்டியைத் துணி போட்டு மூடினாள். மரத்தைத் துரத்தச் சொன்னால் வீட்டுக்குள்ளேயே குடிவைத்துவிட்டார்களே என்று ஆசாரியிடம் குறைப்பட்டாள். அதில் ஏதாவது இருந்திருந்தால் உளி வைத்த தன்னைத்தான் முதலில் பிடித்திருக்கும் என்று அவர் சிரித்தார்.

கதவை ஒருக்களித்து வைத்தாளே தவிர, தாழ்ப்பாள் போடவில்லை. ஓடவேண்டி வந்தால்?

ஓடவும் செய்தாள், அன்று இரவும், சாமியாரம்மாவின் குடிசைக்கு.

"இப்பத்தான் சத்தமே இல்லையே, தாயி."

"அதான் பயமா இருக்கும்மா. எங்க போனான்னு தெரியல."

சாமியாரம்மா அவளைப் பார்த்தார்.

"வெளியில பயம்ங்கறே. பிள்ளையைத் தூக்கிட்டு வெளியிலதானே ஓடி வர்றே?"

சுகிர்தா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

சாமியாரம்மா எழுந்து பரணில் கைவிட்டார். மரம் விழுந்த அன்று பொறுக்கிய வாகை நெற்று ஒன்று. உள்ளே விதைகளோடு காய்ந்து சருகாகியிருந்தது. லேசாக ஆட்டினார்.

அதே சத்தம்.

சுகிர்தாவின் கை குழந்தையை இறுக்கியது.

சாமியாரம்மா நெற்றை ஒடித்தார். விதைகளை ஒரு சின்ன மரக்குடுக்கைக்குள் கொட்டினார். மரத்தின் கடைசித் துண்டை ஆசாரி அப்படிக் கடைந்து வைத்திருந்தார். அடைப்பை இறுக்கிக் குழந்தையின் கையில் கொடுத்தார். அது ஆட்டிப் பார்த்தது. மறுபடி ஆட்டியது.

"காத்துல ஆடுன நெத்துதானா?" சுகிர்தா குடுக்கையைத் தொட்டுப் பார்த்தாள். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா அவன் வாசல்லயே நின்னிருப்பான். இப்ப தம்பியோட உள்ள வரட்டும்."

திரும்பும் வழியெல்லாம் அந்தச் சத்தம் அவள் இடுப்பிலேயே வந்தது.

மூலையில் கிடந்த கட்டையை எடுத்துத் தொட்டில் கட்டினாள். குழந்தை படுத்துக்கொண்டே ஆட்டியது. கொஞ்சம் ஆட்டி, நிறுத்தி, மறுபடி ஆட்டி.

பிறகு சத்தம் நின்றது.

சுகிர்தா எழுந்தாள். திறந்திருந்த கதவருகே சற்று நேரம் நின்றாள், யாரோ உள்ளே வர வழிவிடுவது போல.

தாழ்ப்பாளைப் போட்டாள்.